வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆஸ்டின் டவுனில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. எழுத்து கோணல்மாணலாக வரும். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து இன்னொன்றில் போய் நிற்பேன். மறதியும் வந்துவிட்டது. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் பழைய ஆட்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று, நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிச் சமையல்கட்டுக்கு வந்தேன். உங்களில் ஒரு பெண், பேர் சொல்ல மாட்டேன், மதியச் சாப்பாட்டு டிராலியை இன்னும் தள்ளவே இல்லை. மேடையில் தாளை வைத்து எல்லாக் கட்டத்திலும் வரிசையாக டிக் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, போறதுக்கு முன்னாடியே போடறே?" என்று கேட்டேன்.

"எப்படியும் போடத்தானே வேணும் ஆயாம்மா. அங்க போய் ஒவ்வொருத்தர் வாயையும் பாத்துக்கிட்டு நின்னா டிராலி எப்போ திரும்பும்? ஆமா, இந்தக் கட்டத்த எந்த மகராசன் கண்டுபுடிச்சான்?" என்று சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். எனக்கு அப்படித்தான், சொல்ல வேண்டிய இடத்தில் வாய் வராது. ஜீவனஹள்ளிக்குப் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தபோது சோறு இறங்கவில்லை. அந்தக் கட்டம் எப்படி வந்தது என்று உங்களில் யாருக்கும் தெரியாது. அது என்னால் வந்தது. நான் செய்த தப்பால் வந்தது.

உங்களுக்குத் தெரிந்த வேலைதான். சமையல் எப்படி, டிராலி எப்படி என்றெல்லாம் எழுதப் போவதில்லை. நான் சேர்ந்த காலத்தில் தட்டில் எவ்வளவு மிச்சம் என்பதை எழுத்தில் எழுத வேண்டும். எனக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் அது வரவில்லை. அதைப் பார்த்துத்தான் டயட் மேடம் வட்டம் கொண்டுவந்தார். நோயாளி முழுதும் சாப்பிட்டால் வட்டம் முழுக்கக் கறுப்பு. பாதி சாப்பிட்டால் பாதி. தொடவே இல்லையென்றால் வெறும் வட்டம். அப்போது பக்கத்தில் கட்டம் கிடையாது.

முதல் வாரத்திலேயே மேடம் ஒன்று சொன்னார். "தட்டு வச்சுட்டு ஓடி வராதே. அஞ்சு வாய் உள்ள போற வரைக்கும் நின்னு பாரு. அப்புறம் வா."

எனக்கு அது முடியவே இல்லை. ஒருவர் சாப்பிடும்போது வாயைப் பார்க்கக் கூடாது, கண் பட்டுவிடும் என்று சொல்லி வளர்த்த வீடு எங்களுடையது. கல்யாண வீட்டில்கூடப் பந்தியில் எதிரே இருப்பவர் இலையைப் பார்க்க மாட்டேன். அதிலும் எங்கள் வார்டில் இருந்தது புற்றுநோய்க்காரர்கள். நாக்கில் புண், தொண்டையில் எரிச்சல், ஒரு வாய்க்கு ஒரு நிமிடம் மென்று முழுங்குகிறவர்கள். அவர்களை நின்று பார்ப்பது பாவம் என்று நினைத்தேன். தட்டை வைப்பேன், முகத்தைத் திருப்பிக்கொள்வேன், அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன். திரும்பி வந்து தட்டைப் பார்த்து வட்டத்தைக் கறுப்பாக்குவேன். இப்படியே பல வருஷம் ஓடியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அல்லது ஆனது எனக்குத் தெரியவில்லை. இப்போது நினைத்தால் அதுதான் பயமாக இருக்கிறது.

புஷ்பா வந்த நாள் நினைவிருக்கிறது. சந்தாபுராவிலிருந்து வந்தாள். தையல் ஃபேக்டரியில் காலர் தைக்கிற வேலை. கழுத்து நெறிகட்டியில் ஆரம்பித்த புற்றுநோய். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரே பெண் குழந்தை, அது வீட்டில் அப்பாவோடு இருந்தது. இந்த வகை மருந்துக்கு நன்றாகக் கேட்கும், பயப்படாதீர்கள் என்று பெரிய டாக்டரே சொல்லியிருந்தார். இரண்டு ஊசி முடிந்து, காய்ச்சல் வந்து, அடுத்த ஊசிக்கு உடம்பைத் தேற்றுவதற்காகப் படுக்க வைத்திருந்தார்கள்.

கூட இருந்தது அவள் அக்கா கமலா. தங்கச்சியைவிட பத்து வயது பெரியவள், நல்ல பருமன், வாய் நிறையப் பேச்சு. வந்த இரண்டே நாளில் வார்டு முழுக்க அவளுக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள். சிஸ்டரிடம் கன்னடம், துப்புரவுப் பெண்ணிடம் தெலுங்கு, என்னிடம் தமிழ்.

"இவ சின்ன வயசுலேருந்தே இப்படித்தாம்மா. யாராச்சும் பாத்தா சோறு எறங்காது. கூச்சம். அந்தத் திரைய கொஞ்சம் இழுத்து விடுங்க" என்றாள்.

எனக்கு அது எவ்வளவு பிடித்துப்போனது தெரியுமா? கூச்சம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா! அன்றிலிருந்து தட்டை வைத்ததும் நானே திரையை இழுத்து மூடிவிட்டு வருவேன். திரும்பி வரும்போது தட்டு வழித்து வைத்ததுபோல் இருக்கும். முட்டை, பருப்பு, நெய் ஊற்றிய சாதம், வாழைப்பழம், பேரீச்சம்பழம் போட்ட பால், எதுவும் மிச்சம் இருக்காது. அந்த வார்டிலேயே அப்படி வருவது அந்த ஒரு தட்டுதான். மிச்சத் தொட்டியை எடை போடும் சூப்பர்வைசர்கூட, "உங்க வார்டுல வேஸ்ட் கம்மியாயிடுச்சே, பரவாயில்லையே" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. வட்டத்தைக் கறுப்பாக்கும்போது கொஞ்சம்கூட வெள்ளை தெரியாமல் அழுத்தி அழுத்திக் கறுப்பாக்கினேன்.

ஆனால் புஷ்பா இளைத்துக்கொண்டே போனாள். முதலில் கன்னம். அப்புறம் வளையல். முழங்கைக்கு மேல் ஏற்றிவிட்டால்தான் நிற்கும் என்று ஆனது. வாரத்துக்கு ஒருமுறை எடை பார்க்கிற சிஸ்டர் மிஷினை இரண்டு தரம் தட்டிப் பார்த்தார். மிஷின் சரியாகத்தான் இருந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? டயட் மேடத்திடம் போய், "தட்டு காலியா வருது, ஆள் இளைக்குது, ஒண்ணும் புரியலே" என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். நான் சொல்லவில்லை. மேடம் மீட்டிங்கில் இருப்பார், நான் போய் என்ன சொல்வது, எனக்கு என்ன தெரியும் என்று தயங்கினேன். அதற்குப் பதிலாக என் இஷ்டத்துக்கு ஒரு காரியம் செய்தேன். காலையில் புஷ்பாவுக்குப் போகும் ராகிக் கஞ்சியில் யாருக்கும் தெரியாமல் இரண்டு கரண்டி வெல்லம் அதிகமாகப் போட்டேன். நெய்யும் ஒரு கரண்டி. பாவம், பச்சைப் பிள்ளையின் அம்மா, தேறட்டும் என்று.

இதுபோல் எத்தனை நாள் போட்டேன் என்று சரியாக நினைவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும்.

ஒருநாள் காலை, புஷ்பாவின் காலிக் கஞ்சித் தட்டை எடுத்துக்கொண்டு வருகிறேன். குடிதண்ணீர் மிஷின் பக்கத்தில் கூட்டம். கமலா தரையில் கிடந்தாள். அதற்கு முந்திய இரண்டு நாளாகவே அவள் அடிக்கடி தண்ணீர் பிடித்துக் குடிப்பதையும் பாத்ரூமுக்கு ஓடுவதையும் பார்த்திருந்தேன். வெயில் காலம், தாகம் என்று நினைத்தேன். சிஸ்டர் ஓடி வந்து விரலில் குத்தி, சர்க்கரை பார்க்கும் சின்ன மிஷினில் ரத்தத்தை வைத்தார். எண் வரவில்லை. இரண்டு இங்கிலீஷ் எழுத்துதான் வந்தது.

"ஹைன்னு காட்டுது. நம்பரே வரலே! மிஷின்ல அடங்காத அளவுக்கு ஏறியிருக்கு" என்றார் சிஸ்டர். "அக்கா! கமலாக்கா! உங்களுக்கு சுகர் இருக்கா?"

கமலா கண்ணைப் பாதி திறந்தாள். "இருக்கு... பல வருஷமா..."

"மாத்திரை?"

"ஊர்லயே வச்சுட்டு வந்துட்டேன்... இவள சேக்கற அவசரத்துல..."

"காலைல என்ன சாப்பிட்டீங்க?"

கமலா கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தாள். என் கையில் இருந்த காலித் தட்டைப் பார்த்தாள். நானும் அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். உதட்டு ஓரத்தில் காய்ந்துபோன ராகி.

என் வாழ்நாளில் அப்படி ஒரு அதிர்ச்சி எனக்கு வந்ததில்லை. என் புருஷன் போன செய்தி வந்த அன்றுகூட அப்படி இல்லை. சிஸ்டருக்கு இருந்த அவசரத்தில் அந்த ராகி கண்ணில் படவில்லை. வீல் சேரில் தூக்கி வைத்து, பக்கத்துக் கட்டடத்தில் இருந்த எமர்ஜென்சிக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் விஷயம் தெரிந்தது.

நேராகப் புஷ்பா கட்டிலுக்குப் போனேன். திரைக்குள் அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள், சத்தம் கேட்டு பயந்துபோய்.

"அக்காவுக்கு இன்னா ஆச்சும்மா?"

"நீ சாப்பிட்டியா?" என்று கேட்டேன். அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வியே அதுதான் என்று அப்போது உறைத்தது. அத்தனை நாளும் தட்டைத்தான் கேட்டிருக்கிறேன், அவளைக் கேட்டதில்லை.

இல்லை என்று தலையாட்டினாள்.

"எத்தன நாளா சாப்பிடலே? சொல்லு. ஏம்மா, சாவணும்னு முடிவு பண்ணிட்டியா? வீட்ல ஒரு பொண்ணு இருக்கே..."

"சாவறதுக்கா?" அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடியில் பலமே இல்லை, குச்சி பிடித்ததுபோல் இருந்தது. "இல்லம்மா. பொழைக்கறதுக்குத்தான் சாப்பிடாம இருக்கேன்."

எனக்கு அது காதில் விழுந்தும் புரியவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்துக் காட்டினாள். ஒரு ஆள் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு பேசுகிறான். புற்றுநோய் நம் சாப்பாட்டைத் தின்றுதான் வளர்கிறதாம். அரிசி, பால், முட்டை, சர்க்கரை எல்லாவற்றையும் நிறுத்திப் பட்டினி போட்டால் அது காய்ந்து உதிர்ந்துவிடுமாம். எலுமிச்சைத் தண்ணீர் மட்டும் போதுமாம். ஃபேக்டரி பஸ்ஸில் கூட வந்தவள் யாரோ அனுப்பியது.

"இவங்க குடுக்கறதெல்லாம் அதுக்குத் தீனிம்மா. அக்காவுக்கு சர்க்கரைய தொடாதேன்னு சொல்ற டாக்டருங்க எனக்கு மட்டும் பேரீச்சம்பழம் குடுக்கறாங்களே, அது எப்படி? சாப்பிடலேன்னு தெரிஞ்சா மூக்குல கொழாய் வுட்டுடுவாங்க. அதான் அக்காகிட்ட கெஞ்சினேன். அது முதல்ல என்னைத் திட்டுச்சு, அடிக்கக் கை ஓங்குச்சு. அப்புறம் அழுதுக்கிட்டே தின்னுச்சு. சொல்லாதீங்கம்மா. இன்னும் கொஞ்ச நாளு. கட்டி சின்னதாயிட்ட மாதிரி இருக்கு, தொட்டுப் பாருங்க."

நான் தொட்டுப் பார்க்கவில்லை. கழுத்தே சின்னதாகியிருந்தது.

சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காலித் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து டிராலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது என் மனசில் என்ன ஓடியது என்று மறைக்காமல் எழுதுகிறேன். புஷ்பா போய்விடுவாளே என்று முதலில் நினைக்கவில்லை. வேலை போய்விடுமே என்றுதான் நினைத்தேன். நான் கான்ட்ராக்ட் ஆள். அத்தனை வட்டமும் என் கையால் போட்டது. இரண்டாவதாக, அந்தப் பெண் என்னை நம்பிச் சொன்னாளே என்று நினைத்தேன். மூன்றாவதாகத்தான் அவள் வளையல் நினைவுக்கு வந்தது. சாயங்காலம் டயட் மேடம் வந்ததும் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். அந்த முடிவில் ஒரு நிம்மதிகூட வந்தது.

அதற்குள் ரவுண்ட்ஸ் வந்துவிட்டது. பெரிய டாக்டர், பின்னால் நாலைந்து சின்ன டாக்டர்கள். புஷ்பா கட்டிலில் நின்றார்கள். பெரிய டாக்டர் எடையைப் பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார், தொட்டுப் பார்த்தார். அப்புறம் ஃபைலில் இருந்து என் தாளை எடுத்தார்.

ஆமாம், என் தாள்தான். நாம் போடும் வட்டத்தை டயட் மேடத்தைத் தவிர யாரும் பார்ப்பதில்லை என்று அதுவரை நினைத்திருந்தேன். நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள். அவர் ஒவ்வொரு வட்டமாக விரலை வைத்துக்கொண்டே போனார். எல்லாம் கறுப்பு. சின்ன டாக்டர்கள் பக்கம் திரும்பி இங்கிலீஷில் பேசினார். வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு எனக்குப் பாதி புரியும். முழுச் சாப்பாடு போகிறது, ஆனாலும் உடம்பு உருகுகிறது, அப்படியானால் நோய் மருந்துக்குக் கேட்கவில்லை, இந்த உடம்பு அடுத்த ஊசியைத் தாங்காது. அப்புறம் குரலைத் தாழ்த்திக் கன்னடத்தில் சொன்னார்.

"மனெகே கள்ஸோணா."

வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அந்த வார்டில் அந்த இரண்டு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும். அவர் மேல் குற்றமில்லை. அவர் கையில் இருந்தது என் தாள். புஷ்பாவுக்கு அவர் மெதுவாகச் சொன்னது புரிந்ததா தெரியவில்லை. ஆனால் 'மனெ' என்பது மட்டும் காதில் விழுந்திருக்கும். வீட்டுக்குப் போகப் போகிறோம் என்று அவள் முகம் மலர்ந்தது.

டாக்டர் பேனாவைத் திறந்தார்.

"சார்" என்றேன். சத்தம் வரவில்லை. டிராலியை ஒரு இடி இடித்தேன், தட்டெல்லாம் குலுங்கியது. எல்லாரும் திரும்பினார்கள். அந்த வார்டில் அத்தனை வருஷத்தில் பெரிய டாக்டரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஏனம்மா? ஹேளி" என்றார். என்னம்மா, சொல்லுங்கள் என்று.

"அந்த வட்டம் எல்லாம் பொய் சார்."

"என்ன?"

"நான்தான் போட்டேன். நான் பாக்காம போட்டேன். அந்தப் பொண்ணு ஒரு வாய் சாப்பிடலே. எல்லாம் அவங்க அக்கா சாப்பிட்டாங்க. அவங்கதான் இப்போ எமர்ஜென்சில கெடக்கறாங்க, சர்க்கரை ஏறி. இந்தப் பொண்ணு பட்டினி சார். வியாதி இல்லே. பட்டினி."

கடைசி வார்த்தை சத்தமாக வந்துவிட்டது. புஷ்பா கத்தினாள், "அய்யோ, நம்பிச் சொன்னேனே! பாவி!" என்று. அந்தச் சொல் இன்னும் காதில் இருக்கிறது. நியாயமான சொல்தான்.

பெரிய டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. கையில் இருந்த பேனாவைப் பார்த்தார். பேனாவை மூடிப் பையில் வைத்தார். "எஷ்டு தினா?" என்று கேட்டார், எத்தனை நாள் என்று. எனக்குத் தெரியவில்லை. திரை மூட ஆரம்பித்த நாளிலிருந்து என்றேன். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். ரவுண்ட்ஸில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"இந்தத் தாள பாத்து நான் என்ன எழுத இருந்தேன் தெரியுமாம்மா உனக்கு?" என்று தமிழிலேயே கேட்டார்.

"தெரியும் சார்" என்றேன்.

டயட் மேடத்தைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மேடம் திட்டவில்லை. வராந்தாவுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய் நடந்ததையெல்லாம் கேட்டார். வெல்லத்தையும் சொல்லிவிட்டேன். அதுவரை நிதானமாக இருந்தவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்றார்.

"கூச்சமா இருந்திச்சு மேடம்."

"ஒரு தட்டால ரெண்டு பேர கொல்ல பாத்தோமே" என்றார். 'பாத்தியே' என்று சொல்லவில்லை. 'பாத்தோமே' என்றார். அதற்குத்தான் நான் அழுதேன்.

அப்புறம் நான் அவசரப்பட்டு, "இப்பவே போய் முழுத் தட்டு எடுத்துட்டு வரேன் மேடம், நானே ஊட்டறேன்" என்று கிளம்பினேன். மேடம் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அதுதான் அடுத்த தப்பு. இத்தன நாள் காஞ்ச வயிறு. ஒரேயடியா குடுத்தா அதுவே ஆபத்து. ரத்தம் பாத்துட்டு நான் சொல்ற அளவுதான். ஸ்பூன் கணக்கு." நல்ல மனசில் செய்தால் சரியாக இருக்கும் என்று நினைக்கிற புத்தி எனக்கு அந்த நிமிடமும் போகவில்லை பாருங்கள்.

சாப்பிட வைப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. மேடம் புஷ்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, போனில் இருந்ததை முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் பேசினார். "இதுல ஒரு துளி உண்மை இருக்கு, அதனாலதான் நம்பற மாதிரி இருக்கு. வியாதி வர்றதுக்கு முன்னாடி புகையில வேணாம், குடி வேணாம், இனிப்பக் கொறைங்க, நடங்கன்னு நாங்களே சொல்றோம். அது வேற. வந்த பிறகு மருந்து தாங்க உடம்பு வேணும். நீ பட்டினி போட்டா அது உன் சதையத் தின்னும். அது காயறதுக்கு முன்னாடி நீ காஞ்சிடுவ. உங்க அக்காவுக்கு சொன்னது அவங்க வியாதிக்கு. உனக்கு சொல்றது உன் வியாதிக்கு. ரெண்டும் ஒண்ணு இல்ல."

புஷ்பா சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். "நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க" என்றாள்.

மறுநாள் கமலாவுக்குக் கொஞ்சம் நினைவு தெளிந்ததும், மேடம் அனுமதி வாங்கிப் புஷ்பாவை வீல் சேரில் அங்கே கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். தள்ளிக்கொண்டு போனது நான். புஷ்பா வழி முழுக்க என்னிடம் பேசவில்லை. கமலா கையில் ட்ரிப், வயிற்றில் ஊசி. ஒரு காலில் கட்டுப் போட்டிருந்தது. செருப்பு கடித்த சின்னப் புண், வார்டில் அலைந்து அலைந்து, சர்க்கரை ஏறி, யாரும் கவனிக்காமல் சீழ் பிடித்துவிட்டிருந்தது.

தங்கச்சியைப் பார்த்ததும் கமலா அழுவாள் என்று நினைத்தேன். அவள் திட்டினாள்.

"எருமே! நீ சாப்பிடலேன்னா நான் சாப்பிடுவேன்டி. நாளைக்கும் சாப்பிடுவேன். இவங்க இங்க ஊசி போடட்டும், நான் அங்க வந்து ஒன் தட்ட வழிச்சுத் தின்னுவேன். வெல்லம் போட்ட கஞ்சி வேற, சூப்பரா இருக்கும். யாரு மொதல்ல போறோம்னு பாத்துக்கலாமா?"

புஷ்பா அக்காவின் காலைப் பார்த்தாள். கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என் தட்டுனாலயா?" என்று கேட்டாள். போன் சொன்னதையும் டாக்டர் சொன்னதையும் மேடம் சொன்னதையும் அவளால் ஒன்றுக்கொன்று நிறுத்துப் பார்க்க முடியவில்லை. எனக்கும் முடியாதுதான். ஆனால் அந்தக் கால் கண்ணுக்கு எதிரே இருந்தது.

வார்டுக்குத் திரும்பியதும் மேடம் சொன்ன அளவு கஞ்சியைக் கொண்டுவந்தேன். சின்னக் கிண்ணத்தில், உப்புப் போட்டது. வைத்துவிட்டுப் பழக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கை தானாகத் திரைக்குப் போனது.

"திரைய வுடுங்க" என்றாள் புஷ்பா. ஒரு நாளைக்கு அப்புறம் அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை. "இங்க பாருங்க. பாத்துக்கிட்டே இருங்க. இல்லேன்னா நான் மறுபடி ஏமாத்திடுவேன்."

பார்த்தேன். ஸ்பூன் உதட்டுக்குப் போனது, நின்றது, உள்ளே போனது. தொண்டை ஏறி இறங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டாவது ஸ்பூன். ஐந்து வாய்க்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். டிராலி அன்று ரொம்பத் தாமதமாகத் திரும்பியது. சூப்பர்வைசர் கத்தினார். மேடம் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். என் வேலை போகவில்லை. அடுத்த வாரம் புதுத் தாள் அச்சாகி வந்தது. வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். கண்ணால் பார்த்தேன் என்றால் மட்டும் அதில் டிக். "தப்பு உன்னோடது மட்டும் இல்ல. பழைய தாள்ல தட்டுக்குத்தான் எடம் இருந்திச்சு, வாய்க்கு இல்லே" என்றார் மேடம்.

புஷ்பாவுக்கு எடை உடனே ஏறிவிடவில்லை. முதலில் இறங்குவது நின்றது. அப்புறம் சிறுகச் சிறுக ஏறியது. ஊசியைத் திரும்ப ஆரம்பித்தார்கள். சாப்பிட்டதால் குணமானாள் என்று நான் எழுத மாட்டேன், மேடம் கோபித்துக்கொள்வார். மருந்துதான் குணப்படுத்தியது. மருந்தைத் தாங்கிக்கொள்ள உடம்பு இருந்தது, அவ்வளவுதான்.

ரொம்ப நாள் கழித்து, செக்கப்புக்கு வந்தவர்கள் சமையல்கட்டு ஜன்னலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார்கள். புஷ்பாவுக்குத் தலையில் சுருட்டை சுருட்டையாக முடி வந்திருந்தது. கமலா தாங்கித் தாங்கி நடந்து வந்தாள். நான் அவள் காலைப் பார்த்தேன். இரண்டு விரல் இல்லை.

"ஏன்மா அப்படிப் பாக்கறீங்க? அக்கா தங்கச்சி ரெண்டு பேரையும் சேத்தா ஒரு ஆளு முழுசா தேறும், வாங்க" என்று கமலா சிரித்தாள். நான் வெல்லத்தைப் பற்றி அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். "தெரியும்மா. மேடம் சொல்லிட்டாங்க. நல்லாத்தான் இருந்திச்சு" என்றாள். பெட்டி கொண்டுவந்திருந்தாள், ஃபேக்டரி பக்கத்துக் கடை மைசூர்பாகு. எனக்குக் கொடுத்துவிட்டு அவள் ஒன்றுகூட எடுக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

இவ்வளவுதான் சொல்ல வந்தது. கட்டத்தில் முன்கூட்டியே டிக் போடாதீர்கள். கண் படாது. அப்படிப் பட்டாலும் பரவாயில்லை, பாருங்கள். புரியாததைக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். சொந்த யோசனையில் ஒரு கரண்டிகூடக் கூட்டாதீர்கள்.

நாள் கணக்கு, ஊசி கணக்கு, வியாதியின் சரியான பெயர் இதிலெல்லாம் தப்பு இருக்கலாம். டயட் மேடமோ சிஸ்டர் யாராவதோ படித்துச் சரிபார்க்க வேண்டும். இன்னொன்றும் செய்ய வேண்டும். பழைய ஃபைல்களை அடித்தல் திருத்தல் செய்யக் கூடாது என்று அப்போது சொல்லிவிட்டார்கள். அதனால் என் தாள் ரெக்கார்டு ரூமில் அப்படியேதான் இருக்கும். யாராவது எடுத்து, கறுப்பு வட்டம் எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள். முடிந்தால் பக்கத்தில் ஒரு துண்டுத் தாளை ஒட்டி, இவள் இத்தனை நாளும் சாப்பிடவில்லை என்று எழுதி வையுங்கள். அந்தத் தாளில் இன்னும் அவள் முழுத் தட்டும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.